வண்டி வராத தீவில் அப்பா

என் மாமா ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி வீடாக்கினார். அம்மாவின் தம்பி அவர். கள்ளக்குறிச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கி ஊர் ஊராகப் போகும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு இரும்புக் கட்டில்களைப் பற்றவைத்தார். ஒரு கேஸ் அடுப்பு, கூரைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஜன்னல்களுக்கு அம்மாவின் பழைய புடவையில் திரை. பின்பக்கம் இருந்த 'பள்ளி வாகனம்' என்ற எழுத்து மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. அதனால் கல்வராயன் மலையில் நாங்கள் போன இடமெல்லாம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து, மழையும் பெய்து முடித்திருந்த நேரம் அது. வடக்கனந்தலில் எங்கள் வீடு. அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்த வருஷம் அவரை வீட்டுக்குள் பார்த்த ஞாபகமே எனக்குக் குறைவு. வந்தாலும் கொல்லையில் குளித்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாகப் படுத்துக்கொள்வார். படுப்பார் என்றுதான் சொல்ல வேண்டும், தூங்கி நான் பார்த்ததில்லை. தெருவில் ஏதாவது வண்டி போனால் எழுந்து உட்கார்ந்து காலால் செருப்பைத் தேடுவார். அலை ஓய்ந்து அவர் வீட்டுக்குள் படுக்க வந்த பிறகும் அந்தத் தேடல் நிற்கவில்லை. லீவு போடச் சொன்னால் கோபம் வரும். இந்த வேன் பயணத்துக்கு மட்டும் அம்மா என்ன சொன்னாளோ தெரியவில்லை, பேசாமல் கிளம்பி வந்தார்.

கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். மாமா ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஹாரன் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"மாமா, வண்டிய நாந்தான ஓட்டறேன்? நீங்க இன்னாத்துக்கு மிதிக்கிறீங்க?" என்றார் மாமா. அவருக்கு அப்பாதான் மாமா.

நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு டீக்கடையில்தான் மாமாவுக்கு அந்தச் செய்தி கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அணையில் தண்ணீர் ஏறினால் நடுவில் ஒரு மேடு தீவாகிவிடுமாம். அதில் குடும்பங்கள் இருக்கின்றனவாம்.

"நாலஞ்சு வூடு இருக்குது. வண்டின்னு ஒண்ணு கூட கெடயாது," என்றார் மாமா.

"சைக்கிளு?" என்று கேட்டேன்.

"அதுவும் கெடயாது. ரோடு இருந்தாத்தான சைக்கிளு?"

எனக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. சிலிண்டர் எப்படி வரும்? கல்யாணம் என்றால் மாப்பிள்ளை எதில் வருவார்? ஐஸ் விற்கிறவர் வருவாரா? வழியெல்லாம் கேள்விகளாகக் கேட்டு மாமாவைத் துளைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சத்தமே இருக்காதாடா?"

வேனைக் கரையில் நிறுத்திவிட்டுப் பரிசலில் ஏறினோம். வேன் கதவுக்குப் பூட்டு இன்னும் போட்டிருக்கவில்லை. அதனால் மாமா தீவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கரை மறையும்வரை தன் வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தீவில் ஆடுகள் இருந்தன, சாமைக் கொல்லை இருந்தது, மரவள்ளி இருந்தது. முதல் வீட்டு அக்கா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வாசலில் ஒரு பெரிய மரக்கட்டில் கிடந்தது.

"இது பரிசல்லயா வந்துச்சு?" என்றேன்.

"ஆமா. எங்க வூட்டுக்காரரு அது மேல படுத்துக்கினே வந்தாரு."

மாப்பிள்ளையும் பரிசலில்தான் வருவாராம், பேண்டு வாத்தியக்காரர்கள் இன்னொரு பரிசலில். பிள்ளைகள் அக்கரையில் பள்ளிக்கூடம் போகிறார்களாம். ஐஸ் மட்டும் வராதாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா எழுந்து போய் ஒரு புங்க மரத்தடியில் துண்டை விரித்துக் கால் நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி ஒரு முறத்தைத் தூக்கி ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டான். வாயாலேயே சைரன் அடித்தபடி மரத்தைச் சுற்றி ஓடினான். அவன் அதை நன்றாக அடிப்பான். தெருவில் எல்லாரும் பாராட்டுவார்கள். அம்மா பாய்ந்து வந்து அவன் முதுகில் ஓர் அறை வைத்து, அழ முடியாதபடி வாயையும் பொத்தினாள். அம்மா எங்களை அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மரத்தடியில் அப்பா கண்ணைத் திறக்கவில்லை. அவர் கால் மட்டும் மண்ணில் துழாவியது. அம்மா செருப்புகளை மெல்ல எடுத்துக்கொண்டு வந்து அந்த அக்காவிடம் கொடுத்தாள். அவர் ஏன் என்று கேட்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார். அப்பாவின் கால் இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு ஓய்ந்தது. பிறகு வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது.

மீன் குழம்பும் சாமைச் சோறும் ஆயிற்று. அப்பாவை எழுப்பவில்லை. ஓர் ஆடு வந்து துண்டின் ஓரத்தைத் தின்றது. அம்மா அதை விரட்டாமல், குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி அப்பால் விட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படி ஓர் இடத்துக்கு வந்து யாராவது தூங்குவார்களா?

பொழுது சாய்வதற்குள் பரிசல்காரர் வந்துவிட்டார். அதுதான் கடைசி நடை. மாமா அப்பாவை எழுப்பப் போனார். அம்மா குறுக்கே நின்றாள்.

"நீ போய்ட்டு காலைல வாய்யா," என்று பரிசல்காரரிடம் சொன்னாள்.

"யக்கா, வண்டி தெறந்து கெடக்குது. அடுப்பு, பாத்திரம் எல்லாம் அதுலதான் இருக்குது. காலைல மாமாவுக்கு டூட்டி வேற," என்று மாமா கிசுகிசுத்தார்.

"அவர எழுப்புன, ஒன்னத் தண்ணில தள்ளிடுவேன்."

அதையும் அவள் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். பிறகு பரிசலில் தனியாக ஏறி வேனுக்குக் காவல் போனார்.

தீவில் சிக்னல் கிடைப்பது ஒரு பாறைமேல் மட்டும்தான். அம்மா அப்பாவின் கைபேசியை எடுத்துக்கொண்டு அங்கே ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஆமாங்க சார். ஒடம்பு நெருப்பா கொதிக்குதுங்க. எழுந்துக்கவே முடியல. நாளைக்கு வர முடியாதுங்க... இல்லீங்க சார், சாதா ஜொரந்தாங்க."

அந்த வருஷம் ஜுரம் என்ற சொல்லை யாரும் லேசாகச் சொல்ல மாட்டார்கள். பாறையிலிருந்து குதித்து ஓடி அப்பாவின் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அதற்குள் அம்மாவும் வந்துவிட்டாள்.

"ஜொரமே இல்லம்மா," என்றேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"இருந்துச்சி. இப்பத்தான் எறங்குது."

அக்கா ஒரு கம்பளி கொண்டுவந்து அப்பாவுக்குப் போர்த்தினார். நாங்கள் அவர் வீட்டு வாசலிலேயே படுத்தோம். காலையில் ஆடுகள் கத்தித்தான் அப்பா விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. எங்களையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பசிக்கிறது என்றார். அவித்த மரவள்ளியைத் தட்டுத் தட்டாகத் தின்றார்.

"ஒங்க ஆபீசுக்குச் சொல்லிட்டேன்," என்றாள் அம்மா.

"இன்னான்னு?"

"ஒடம்பு சரியில்லன்னு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அப்பா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இன்னொரு துண்டு மரவள்ளியை எடுத்துக்கொண்டார்.

பரிசலில் திரும்பும்போது அவர் மடியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஐயம் தீராமல் அவர் கழுத்தில் புறங்கையை வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். ஜுரம் அடித்து ஓய்ந்த உடம்பு மாதிரியே இல்லை. அம்மாவுக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.