டெல்ஃபின் அக்காவின் விளக்கு

டெல்ஃபின் அக்காவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. துறையில் கட்டிக்கிடக்கும் படகில் ஏறினாலே கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிடும். தன் அண்ணனோடு ஒரே ஒரு முறை கடலுக்குப் போனவர், கரை திரும்பும்வரை படகோரத்தில் தலையைத் தொங்கப்போட்டபடியே வந்தாராம். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடற்கரையில் பிறந்துவிட்டு இப்படியா என்று கேலி செய்யாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் படகில் கரண்ட் கோளாறு என்றால் எல்லோரும் தேடுவது அவரைத்தான்.

சிங்கி இறால் சீசன் தொடங்குவதற்கு முந்தின மதியம். எல்லாப் படகும் இறால் பிடிக்கும் கூண்டுகளை மலையாக அடுக்கிக்கொண்டு நின்றன. விடிந்தால் ஒன்றாகப் புறப்பட வேண்டும். பிந்தினவனுக்குக் கூண்டு இறக்க நல்ல இடம் மிஞ்சாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் மின்பொறியியலில். ஆனாலும் இந்த நாளுக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போக வந்துவிடுவேன்.

அன்று எங்கள் படகில், அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பின் பிரேக்கர் நிற்கவே இல்லை. தூக்கிவிட்டால் டக்கென்று விழுந்தது. அவ்வளவு பாரத்தோடு பம்பு இல்லாமல் போனால் படகு திரும்பி வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

"பெரிய பிரேக்கரா ஒண்ணு போட்டு விடு, டெல்ஃபின். வந்து பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"போடலாமே, அல்சீட் அண்ணே. வயர் தீப்பிடிச்சா அணைக்க, சுத்திலும் தண்ணிதானே."

அப்பா ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.

அக்கா பின்மூலை மூடியைத் திறந்து பம்பைக் கழற்றினார். அப்போதும் பிரேக்கர் விழுந்தது. ஆக, பம்பில் கோளாறில்லை. வயரில்தான் எங்கோ ஷார்ட். அந்த வயரோ பக்கச் சுவருக்குள்ளே ஓடுகிறது. சுவரை ஒட்டி நூற்றுக்கணக்கில் கூண்டுகள். இறக்கினால் மறுபடி ஏற்றுவதற்குள் விடிந்துவிடும்.

"நேத்து ஓடிச்சா?"

"ஓடிச்சு. இன்னிக்குக் கூண்டு ஏத்தினோம், வேற ஒண்ணும் பண்ணலை" என்றார் அப்பா.

அக்கா பிரேக்கரிலிருந்து வயரை உருவி, இரண்டுக்கும் நடுவில் ஒரு டெஸ்ட் லேம்ப் மாட்டினார். ஷார்ட் இருக்கும்வரை அது எரியும். எரிந்தது. பிறகு பக்கத்துப் படகுக்காரரைப் பார்த்தார்.

"லியோ அண்ணே, வாங்க. உங்க தொப்பைக்கு இன்னிக்கு வேலை வந்திருக்கு. விளிம்பு மேல முன்னாலேர்ந்து பின்னால நடங்க. கூண்டுக் கயித்தைப் பிடிச்சுக்குங்க."

"விழுந்துட்டா?"

"நான் குதிக்க மாட்டேன். எனக்குக் கடல் ஒத்துக்காது."

துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லியோ முனகிக்கொண்டே நடந்தார். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி விளிம்பு தாண்டியதும் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. இன்னும் ஒரு எட்டு. அணைந்தே போனது.

"அங்கேயே நில்லுங்க."

லியோ காலைத் தூக்கினார், எரிந்தது. வைத்தார், அணைந்தது. அவர் மிதிக்கும்போது விளிம்பு அமுங்கி, உள்ளே ஷார்ட் விலகுகிறது. துறையில் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு நீளப் படகில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தை, ஒரு மனிதனின் எடையை வைத்தே அக்கா தொட்டுக் காட்டிவிட்டார். ஷார்ட் சர்க்யூட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். படித்திருந்ததால்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

லியோவின் காலடியில் ஒரு மரச்சட்டம். கூடுதலாக ஒரு வரிசை ஏற்றும் ஆசையில், கூண்டு சரியாமலிருக்க அன்று காலை அப்பா விளிம்பு நெடுக ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. லியோ இறங்கியதும் விளக்கு மறுபடி எரிந்தது; அங்கிருந்த ஸ்க்ரூவைக் கழற்றியதும் அணைந்தது. சுவருக்குள் இறங்கி வயரைக் குத்தியிருந்த ஸ்க்ரூவின் நுனி கருகியிருந்தது. அக்கா அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"வேற ஒண்ணும் பண்ணலையா, அண்ணே?"

அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தானே அந்த மேல்வரிசையை இறக்கத் தொடங்கினார். அடிபட்ட வயரை அப்படியே விட்டுவிட்டு, கூண்டுகளுக்கு மேலாகவே பம்புக்குப் புது வயர் இழுத்து முடித்த அக்கா, இறங்கிப்போய்த் துறையோரம் வாந்தி எடுத்தார்.

விடியலில் வரிசையாகப் புறப்பட்டோம். ஊரே கையசைத்தது. டெல்ஃபின் அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் படகின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கேயிருந்து பம்பு இறைத்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதற்கப்புறம்தான் கையைத் தூக்கினார்.