ஒஸ்தியாவில் எனக்கு அண்ணனாக வந்தவர்

பெர்னாட் அண்ணன் போய்விட்டார் என்று அவர் தங்கை ரீட்டா போன் செய்தபோது நான் திருவொற்றியூர் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "இன்னாடி சொல்றே, போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தாரு" என்று கத்தினேன். "நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் முதலில் வந்தது. ஏனென்று எங்கள் சந்துக்காரர்களுக்கு இப்போதாவது சொல்ல வேண்டும்.

அவரும் நானும் ராயபுரத்தில் ஒரே சந்து. கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். ஹார்பரில் மூட்டை தூக்கியவர், ரோமுக்குப் போய் ஒரு வயதான இத்தாலியரைப் பார்த்துக்கொண்டார். பின்னால் என்னையும் வரவழைத்து, ஒரு விடுதியில் துப்புரவு வேலை வாங்கித் தந்தார். அந்தக் கிழவருக்குத் தமிழ்கூடக் கற்றுக்கொடுத்திருந்தார். நான் போன் செய்தால் கிழவர் எடுத்து, "இன்னாம்மா, துன்னியா?" என்பார். பின்னாலிருந்து அண்ணன் சிரிப்பது கேட்கும்.

ரோமில் கடை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கு என்னைப் பிடித்துப்போனது. எனக்கும்தான். அவன் அம்மாவோ முறைப்படி பெண் பார்க்க வேண்டும் என்றார். எங்கே வரச் சொல்வது? நான்கு பெண்களோடு ஒரே அறையில் இருந்தேன். அண்ணன்தான் வழி சொன்னார்: "வூடு இல்லாட்டி இன்னா? ஒஸ்தியான்னு ரோமன் காலத்து ஹார்பர் கீது. இடிஞ்சு கெடந்தாலும் சோக்கா இருக்கும். அங்க வரச் சொல்லு."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரயிலேறினோம். என் கையில் பிளாஸ்க்கில் காபி, டப்பாவில் கேசரி. என் வீட்டுப் பெரியவராக அண்ணன், கிழவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு. "அண்ணே, வாயையே தொறக்காதே. கேட்டா ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்துல வீடுன்னு மட்டும் சொல்லு" என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். "சரிம்மா, சரி" என்றார்.

பையனையும் அவன் அம்மாவையும் பழைய நாடக அரங்கின் கல் படிகளில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். பையனின் அம்மா கேசரியை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அப்பாடா என்றிருந்தது. பிறகு சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். ஒரு கூடத்தில் மூன்று சுவர்களை ஒட்டியும் நீளமான பளிங்குப் பலகை, அதில் வரிசையாக ஓட்டைகள். அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறை. அண்ணனால் தாங்க முடியவில்லை. போய் ஓர் ஓட்டைமேல் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஐயே, நம்ம சந்து கக்கூஸ் மாரியே கீதும்மா! நம்மளுதுல கதவாவது கீது. தெனம் காலைல நான்தானே ஒனக்கும் சேத்து லைன்ல வாளி வெப்பேன்!"

பையனின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க வீட்டுல தனியா இல்லையா?"

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, இல்லைங்க. அண்ணன் சும்மா தமாஷ் பண்ணுவாரு. எங்க வீடு அப்படி இல்ல" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அண்ணன் மெல்ல எழுந்தார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆமாம்மா. எங்க வூடுதான் கலீஜு. அந்தப் பொண்ணு வூட்டுல தனியா கீது" என்றார். திரும்பும் ரயிலில் எங்களோடு உட்காராமல் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

கல்யாணம் நடந்தது. அண்ணன் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். நாங்கள் ஊர் திரும்பிய பிறகும் என் கணவரைச் சந்துக்கு அழைத்துப்போனதே இல்லை. வீட்டை விற்றாயிற்று என்று சொல்லிவைத்தேன். அண்ணனும் ஊருக்கு வந்து, அதே சந்திலிருந்து திருவொற்றியூருக்கு பஸ் பிடித்து என்னைப் பார்க்க வருவார். ஏன் அங்கே வருவதில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. நான் ஒஸ்தியாப் பேச்சை எடுத்தால், "அத்த வுடும்மா. காபி போடு" என்பார். நானும் விட்டுவிட்டுக் காபி போடுவேன். சீ, என்ன ஜென்மம் நான்!

சாவுக்கு என் கணவரும் வருவேன் என்றார். தடுக்க முடியவில்லை. சந்து முனையில் கழிப்பறை வாசலில் வாளிகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். மேரி அக்கா என்னைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். "ஸ்டெல்லா, ஒனக்கு எடம் புடிச்சு வெச்ச மவராசன் போய்ட்டான்டி!"

நான் என் கணவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். "அண்ணன் அன்னைக்கு வாளி வெச்சதைப் பத்திச் சொன்னதுதான் நிஜம்" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் அவர். "அம்மாவுக்கும் தெரியும். அவர் எழுந்து நின்னப்போ உன் மூஞ்சியைப் பார்த்தோமே."

அப்படியானால் அந்தப் பொய்யை யாருமே நம்பவில்லை. அண்ணன் தன் வீட்டைத் தானே கலீஜ் என்று சொல்லிக்கொண்டது ஒன்றுதான் மிச்சம். பெட்டியில் பூவுக்கு நடுவே கிடந்தவரின் காலைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் அழுதேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு பேச்சு: "அந்தப் பொண்ணு வூட்டுல தனியா கீது." எனக்காக அவர் சொன்னது. அது பொய். என் வாளியும் அந்த வரிசையில்தான் நின்றது. அதை அவர்தான் கொண்டுபோய் வைத்தார்.