கரி பூசாத கோமாளி

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் கதைக்கவும் கூச்சப்படுகிறவன். ஆனாலும் இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மருமக்கள் சொல்லிவிட்டார்கள்.

அக்கா மன்னாரில் பிறந்தார். "கறுப்பி" என்ற பெயரைக் கேட்டே வளர்ந்தார். நிறத்தைச் சொல்லி இரண்டு சம்பந்தங்கள் திரும்பிப் போயின. பிறகு அத்தானைக் கட்டி மெல்பேர்ணுக்கு வந்தார். அத்தான் காலமானதும், அங்கே மல்கிரேவ் பகுதியில் இருந்த வீட்டில் உடுப்புத் தைத்தே பிள்ளைகளை ஆளாக்கினார்.

ஒரு நாள் நஸ்ரின் என்ற ஈரானியப் பெண் சிவப்புத் துணியோடு வந்தார். அவர்களுடைய பழைய நாடகங்களில் ஒரு கோமாளி உண்டாம். முகத்தில் கரி பூசிய வேலைக்காரன். முதலாளி சொல்வதைத் தலைகீழாகச் செய்து சிரிக்க வைப்பான். அந்தக் கரியை விட்டுவிட்டு, கோமாளியைப் பெண்ணாக்கிப் புதிதாக மேடையேற்ற நஸ்ரின் நினைத்திருந்தார். அளவெடுக்கும்போது அக்கா விட்ட பகிடிகளைக் கேட்டு, அவரையே நடிக்கக் கேட்டுவிட்டார்.

எனக்குப் பயம். "அக்கா, சனம் உங்கட நிறத்தைப் பார்த்துத்தான் சிரிக்கும். வேண்டாம்" என்றேன்.

"என்ரை பகிடிக்குச் சிரிக்குதோ, முகத்துக்குச் சிரிக்குதோ எண்டு நீ வந்து பாரடா."

ஒத்திகையில் முதலாளிக்கு வெறும் கோப்பையை நீட்ட வேண்டும். அக்காவால் முடியவில்லை. வெறும் கோப்பையை யாருக்கும் நீட்டிப் பழகாத கை. உண்மையான தேத்தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போய்விட்டார். நஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்து, காட்சியையே மாற்றினார்.

மேடையேறிய அன்று அக்கா தட்டத்தோடு இறங்கி வந்து, பார்க்க வந்த எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார். மேடையில் முதலாளி கையை நீட்டியபடி, "எனக்கு எங்கே?" என்று கத்தினார்.

அக்கா தமிழிலேயே, "பொறுங்கோ ஐயா, விருந்தாளியள் முதலிலை குடிக்கட்டும். நீங்கள் வீட்டுக்காரர்தானே!" என்றார்.

மொழி விளங்காதவர்களும் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவுக்கு எழும்பி நின்று கை தட்டினார்கள்.

நாடகம் முடிந்ததும் அக்காவிடம் போய், "நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா" என்றேன்.

"அது கிடக்கட்டும். தேத்தண்ணி எப்பிடி?"

"சீனி கூடிப்போச்சு."

"பயத்திலை ரெண்டு தரம் போட்டிட்டனடா."

அக்காவும் பயந்தவர்தான் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

நோயில் கிடந்த மாதங்களில் பராமரித்த தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், கடைசிவரை பக்கத்தில் இருந்த நஸ்ரினுக்கும் எங்கள் நன்றி. இந்த மலரின் அட்டைப் படத்தில் அச்சகத்தார் வழக்கம்போல அக்காவின் முகத்தை வெளுப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். நானே தொலைபேசியில் கூப்பிட்டு, "இது எங்கட அக்கா இல்லை" என்றேன். மறுபேச்சில்லாமல் அக்காவை அவருடைய நிறத்திலேயே திருப்பித் தந்த அவர்களுக்கும் நன்றி.