ஐந்தாம் நம்பர் வீட்டில் பேசிய அம்மா

போன வருடம் ஐப்பசியில், திண்டிவனத்தில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் நடந்தது இது. மொத்தம் பன்னிரண்டு வீடு. வாட்ச்மேன் வேலையை விட்டுப் போனதும், கேட்டில் போனோடு சேர்ந்த பூட்டு ஒன்றை மாட்டினோம். வெளியிலிருந்து வருகிறவர் வீட்டு நம்பரை அழுத்தினால் அந்த வீட்டுக்கு போன் போகும். எடுத்துப் பேசிவிட்டு ஒன்பதை அழுத்தினால் கேட் திறக்கும். எல்லார் போன் நம்பரையும் அதில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன், கொஞ்சம் மிதப்பும் உண்டு. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஜம்மென்று மேலே போய்விட்டேன்.

ஐந்தாம் வீட்டு அண்ணனுக்கு அந்த வருடம்தான் ஸ்ட்ரோக் வந்து, வலது கை செயலிழந்து, பேச்சும் குழறிப்போயிருந்தது. செல்போன் கையாள வராது என்று, கட்டிலை ஒட்டியே பெரிய பட்டன் வைத்த லேண்ட்லைன் போனை வைத்திருந்தார் அவர் மனைவி. அந்த அக்கா ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பதினொரு மணிக்குக் கிளியனூரிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வந்து அண்ணனின் கைக்குப் பயிற்சி கொடுப்பார். வீட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். கீழே கேட்டை மட்டும் அண்ணன் திறந்துவிட்டால் போதும்.

அதுதான் நடக்கவில்லை. பிசியோ வந்த நாளெல்லாம் கேட்டோடு திரும்பிப் போனார். விசாரித்தால், யாரோ ஒரு அம்மா எடுத்து ராங் நம்பர் என்று வைத்துவிடுவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் வீட்டில் அண்ணனைத் தவிர ஆளே கிடையாது. அம்மா எங்கிருந்து வந்தார்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வருமா? டிவி சீரியல் சத்தமாக இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அண்ணனோ போன் அடிக்கவே இல்லை என்று சாதித்தார். அக்கா கடையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் உடனே எடுக்கிறார். அப்படியென்றால் பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்றுதானே தோன்றும்? நான் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், அடித்தால் எடுக்க வேண்டும், ஒன்பதை அழுத்த வேண்டும் என்று பாடம் நடத்தினேன். மூன்றாவது முறை கொஞ்சம் கத்தியும்விட்டேன்.

இதற்கு நடுவில் ஒருநாள் கேட் திறந்துவிட்டது. பிசியோ உள்ளே வந்து பயிற்சியும் கொடுத்துவிட்டுப் போனார். பார்த்தால், அன்று மாலை அண்ணன், நான் எதையும் அமுக்கவில்லையே என்கிறார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்ததே மறந்துபோகிறது என்றால் மூளைக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று அக்கா அழுதார். இனிமேல் தனியாக விட முடியாது, கண்டாச்சிபுரத்தில் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அண்ணனுக்குப் போக மனசே இல்லை. ஆனாலும் வாதாடவில்லை.

"அடிச்சிருக்கும் டீச்சர். எனக்குத்தான் தெரியல போலருக்கு" என்று என்னிடம் குழறிக் குழறிச் சொன்னார்.

புறப்படுகிற அன்று காலை ஆட்டோவில் பெட்டியை ஏற்றியாகிவிட்டது, அண்ணன் மட்டும் இன்னும் மேலே கட்டிலில் இருந்தார். எனக்கு அவர் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அக்காவை மேலே போன் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, கேட்டில் ஐந்தை அழுத்தினேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது.

"யாருங்க அது, தெனம் தெனம் பேஜாரு பண்ணிக்கினு?"

மேலே அக்கா ஜன்னலிலிருந்து, போன் அடிக்கவில்லை என்று கையை ஆட்டுகிறார். எனக்கு ஒரு நிமிடம் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. நீங்கள் எங்கேயிருந்து பேசுகிறீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"விழுப்புரம்ங்க. ஒம்போத அமுக்குங்க, ஒம்போத அமுக்குங்கன்னு ஒருத்தர் கெஞ்சிக்கினே இருக்காரு. பாவமாச்சேன்னு ஒருநாள் அமுக்கிகூடப் பாத்தேன். இன்னா ஏதுன்னு ஒண்ணும் புரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வீட்டில் லேண்ட்லைன் அது ஒன்றுதான். அதற்கு மட்டும் முன்னால் ஊரின் எஸ்டிடி கோடு சேர்க்க வேண்டும். என் பிறந்த வீடு விழுப்புரம். ஹாஸ்டலில் படித்த காலத்திலிருந்து 04146 போட்டுப் பழகிய விரல், திண்டிவனத்தின் 04147-க்குப் பதிலாக அதையே போட்டுத் தொலைத்திருக்கிறது. அந்த ஒருநாள் எங்கள் கேட்டைத் திறந்ததும் விழுப்புரத்து அம்மாதான். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், அன்றைக்குக் கேட் திறந்ததா என்று ஆவலாகக் கேட்டார். திறந்தது என்றேன். அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

நம்பரை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி ஐந்தை அழுத்தினேன். மணி அடித்தது கீழே வரைக்கும் கேட்டது. அண்ணன் எடுத்து, ஒன்பதை அழுத்த, கேட் திறந்தது. நான் மேலே ஓடிப்போய், எல்லாம் என் தப்புதான் என்று அழுதேவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆவலியா, டீச்சர்?"

ஒன்றும் ஆகவில்லை என்று அக்கா தலையை ஆட்டினார். ஆட்டோவிலிருந்து பெட்டியை நானே இறக்கி வந்தேன். இப்போது அவர் வலது கையால் தானே சாப்பிடுகிறார், என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். நம்பரைத் தப்பாகப் போட்டது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நன்றாகக் காது கேட்கிற ஒரு மனிதரை, தனக்குத்தான் கேட்கவில்லை என்று நம்பவைத்துவிட்டேனே, அதை நினைத்தால் இன்றும் கூனிக் குறுகிப்போகிறேன்.