அரக்கன் மணி பார்த்த மத்தியானம்

வெயிலில் சூடேறிய ஜெராக்ஸ் தாளுக்கென்று ஒரு வாசனை உண்டு, லேசாகக் கருகிய மை வாசனை. அதனுடன் கடற்கரைப் பக்கத்துக் கருவாட்டு வாசனையும் கலந்துவிட்டால் எனக்கு இன்றும் அது சாந்தோமில் டெய்சி வீட்டு மொட்டைமாடிதான், தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான், தொண்ணூறுகளின் ஒரு முழுஆண்டு விடுமுறைதான். டெய்சி என் வகுப்புத் தோழி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் ராபர்ட், ஹாஸ்டல் நண்பனிடமிருந்து ஓர் அயல்நாட்டு விளையாட்டுப் புத்தகத்தை நகலெடுத்து வந்திருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. அண்ணன் கதை சொல்வார், குகையும் இருட்டும் அரக்கனும் அவரே. டெய்சி வீராங்கனை, நான் திருடி.

"திருடின்னு பேர் வெச்சுண்டு என்னடி விளையாட்டு, ஆத்துல வேலையே இல்லையா" என்பாள் அம்மா, நான் மயிலாப்பூரிலிருந்து சைக்கிளை எடுக்கும்போதெல்லாம். திருடியின் கைதான் அங்கே கனம் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? சண்டையில் யார் அடித்தாலும், 'தம்போலா' ஆட்டத்தின் எண் வில்லைகள் போட்ட பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்று முதல் இருபது வரை மட்டும் போட்டிருந்தோம். பத்தோ அதற்கு மேலோ வந்தால் அடி பட்டது. பிறகு பகடையை உருட்டினால், விழுந்த எண்ணளவுக்கு எதிரியின் உயிர் குறையும். திருடி மறைந்து போய்ப் பின்னாலிருந்து குத்தினால் மட்டும் அதே எண் மும்மடங்கு.

ஆனால் எப்போது குத்தலாம்? அதைச் சொல்லும் பக்கத்தைக் கடைக்காரர் கோணலாக வைத்து நகலெடுத்திருந்தார். திருடர் எதிரியின் பின்னால் இருக்க வேண்டும், எதிரியோ... என்ற இடத்தில் எழுத்து அறுந்து, கீழே நான்கு வரியளவுக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையை நாங்களே நிரப்பிக்கொண்டோம்: எதிரி வேறொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கவைப்பது டெய்சியின் வேலை. அவள் அரக்கனை, அதாவது அண்ணனை, நிஜமாகவே திட்டுவாள். அவர் கண் அவள்மேல் இருக்கும்வரை நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து மூச்சடக்கி, சுடுகிற தரையில் கனவில் நடப்பவள்போல் நகர்ந்து, அவர் முதுகைத் தொட வேண்டும். சத்தம் கேட்டால் அரக்கன் திரும்பிவிடுவான்.

கடைசி நாள். மறுநாள் டெய்சி திருச்சியில் விடுதிப் பள்ளிக்குப் போகிறாள். அரக்கனிடம் பத்து உயிர் மிச்சம், டெய்சியின் வீராங்கனையிடம் இரண்டே இரண்டு. செத்தால், அந்தப் பாத்திரத்தின் உயிர்க் கணக்கு எழுதிய குறிப்புத் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது அண்ணன் வைத்த சட்டம். இரண்டு மாதம் அவள் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய தாள் அது. ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இன்னாடா மொறைக்கிற? மூஞ்சியப் பாரு, அடுப்புல மறந்துட்ட அண்டா மாரி கீது. உன்ன காவலுக்கு வெச்சா பூன உன் கண்ணு முன்னாலயே கருவாட்டத் தூக்கினு போவும்."

கீழேயிருந்து அவள் அம்மா, "அண்ணனையாடி அப்படிப் பேசுற?" என்றார்.

"அண்ணன இல்லமா, அரக்கன" என்றாள் டெய்சி, கண்ணை எடுக்காமலே.

நான் ஓரடி தூரத்தில் இருந்தேன். சிரித்துவிட்டேன்.

அரக்கன் திரும்பினான். "திருடி மாட்டிக்கினா. ஒரே மிதில அவ காலி, அடுத்தது நீ" என்றார் அண்ணன்.

"இரு. இப்ப உன் முதுகு எங்கிட்ட கீது. நான் குத்துறேன்" என்றாள் டெய்சி.

"திருடிதான் குத்தணும்."

"அந்தப் பேஜ்ல கீதா? காட்டு."

அண்ணன் தாளைப் பார்த்தார். வெள்ளைதான் இருந்தது. "சரி. ஆனா இவ பேசி என்னப் புடிச்சு வெக்கணும்" என்று என்னை நோக்கி ஓர் அடி வைத்தார்.

எனக்குத் திட்டத் தெரியாது. கடல் தகரம்போல் மின்னியது, மாதா கோயில் கோபுரம் வெள்ளையாக மிதந்தது, வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, மணி என்ன?"

அரக்கன் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் தூக்கினான். "மூணே கா..." அதற்குள் டெய்சியின் விரல் அவர் முதுகில் இருந்தது. வில்லை பதினான்கு. பகடையில் நான்கு, மும்மடங்கு பன்னிரண்டு. அரக்கன் காலி.

அந்த வீடு இப்போது இல்லை, அங்கே எழும்பியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் ஒருவழியாக அசல் புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாங்கினேன்; முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான். விடுபட்ட நான்கு வரியில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தது, பின்னாலிருந்து குத்தும் உரிமை திருடருக்கு மட்டும். எங்கள் வெள்ளை இடமும் அதோடு போயிற்று. டெய்சியைப் போனில் கூப்பிட்டு, உன் குத்து செல்லாது, அன்றைக்கே நீ செத்திருக்க வேண்டும் என்றேன்.

"தாள் எங்கிட்டதான் கீது" என்றாள். "வந்து கிழி பாப்போம்."