ஆடு சொல்லாத சம்மதம்

எங்கள் அண்ணன் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், ராகியும் கொள்ளும் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நான் அவருக்கு அடுத்தவள். ஐந்தாவதோடு நின்றுவிட்டேன், நாலு பேர் முன் பேச வராது. பிழையிருந்தால் உறவினர்கள் பொறுக்கவும்.

இளவயதில் அண்ணன் கதை சொன்னால் எருமை தெலுங்கில் புலம்பும், உலக்கை கன்னடத்தில் வையும். ஊரே சிரிக்கும்.

ஐம்பதுகளில், மழை பொய்த்த ஒரு வருஷம், நான் வளர்த்த கிடாயை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும்; அதுதான் அதன் சம்மதம். மூன்று முறையும் சிலுப்பாவிட்டால் அவிழ்த்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். இரண்டு முறை ஊற்றியும் அது அசையவில்லை. நான் கயிற்றையே பார்த்து நின்றேன்.

மூன்றாவது குடமும் காலியானது; ஆடு சிலுப்பவில்லை. பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், ஆட்டு பாஷை தெரிஞ்சவன் நீதானே? கேட்டுச் சொல்லுடா!"

அண்ணன் கழுத்தை நீட்டி, "மே... சம்மதந்தானுங்க பெரியவரே! குளிருது, சீக்கிரம் ஆவட்டும்!" என்றார்.

"ஆடே சொல்லிடுச்சுப்பா, இன்னும் என்ன?" என்று சிரித்தபடியே வெட்டிவிட்டார்கள்.

சிரித்த வாய்களே எலும்பை உறிஞ்சின. கொழுப்பு வாடை எனக்குக் குமட்டியது. அண்ணன் இலையில் கை வைக்காமல் எழுந்துபோய் வேலியோரம் வாந்தியெடுத்தார்.

"அது சொல்லல பாப்பா. நாந்தான் சொன்னேன்."

"தெரியும். உன் வாயப் பாத்தாலே அருவருப்பா இருக்குதுண்ணா."

அதன்பின் அவர் எதற்கும் குரல் கொடுத்ததில்லை; கறியும் தொட்டதில்லை. தக்காளி பயிரிட்டு, ராயக்கோட்டை சந்தைக்குச் சுமந்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். "மாடு என்ன சொல்லுது தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், "அதையே கேளு" என்பார்.

கடைசி எட்டு மாதம் வாதம் அவர் பேச்சைப் பறித்தது. இந்த நினைவு மலருக்காக அவர் மூத்த மகன், "அழாதீர்கள், நிம்மதியாகப் போகிறேன்" என்று அண்ணனே பேசுவது போல எழுதி வந்தான்.

"எல்லாரும் போடறதுதான் அத்தை."

அதே குமட்டல் எனக்கு.

"நிம்மதியா போனாருன்னு உங்கிட்ட யாருடா சொன்னது?"

அந்த வரியை அவன் அடித்துவிட்டான். அண்ணன் படத்துக்குக் கீழே வெறுமையாக இருப்பது அச்சகத்தார் பிழையல்ல.

முகம் சுளிக்காமல் மலமூத்திரம் எடுத்த மருமகளுக்கும், பாடை சுமந்த அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. இதைச் சொல்வது நான். அண்ணன் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.