பேட்டியில் கேட்ட புறா

மேவிஸ் உட்கார்ந்து வேலை பார்த்து அந்த வானொலி நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. பேட்டிகளை வெட்டி ஒட்டும்போதும் நின்றுகொண்டுதான் செய்வாள். நாற்காலியில் அவளுடைய பையும் ஹெல்மெட்டும் இருக்கும். டீ வந்தால் பாதி குடிப்பதற்குள் யாருக்காவது போன் போடப் போய்விடுவாள்.

மராட்டியப் பக்கம் கிர்க்கியில் பிறந்து வளர்ந்தவள். குடும்பம் தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்துவிட்டது. பி.காம். முடித்து நிலையத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். ஒருநாள் சந்தை நிலவரம் வாசிப்பவர் வரவில்லை என்று அவளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். வெங்காய விலையை வாசித்து முடித்ததும், "நேத்தைவிட ஏன் இறங்கிச்சு?" என்று கேட்டாள். அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. மார்க்கெட் யார்டுக்கே போய் விசாரித்து வந்தாள். சில வருடங்களில் காலை வணிக நிகழ்ச்சி அவள் கைக்கு வந்தது. நிகழ்ச்சி இந்தியிலும் மராத்தியிலும் போகும்; தமிழ் வீட்டோடு சரி.

போன குளிர்காலத்தில் போசரி தொழிற்பேட்டையில் ஆர்டர்கள் குறைகின்றன என்று பேச்சு அடிபட்டது. கார் கம்பெனிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையின் முதலாளி சுனிலை மேவிஸ் போனில் பேட்டி எடுத்தாள்.

"வதந்தியை நம்பாதீங்க மேடம். நான் இப்ப மெஷின் ஷாப்லதான் நிக்கிறேன். ரெண்டு ஷிப்ட்டும் ஓடுது" என்றார் அவர்.

பேட்டியை வெட்டும்போது ஹெட்போனில் ஏதோ கேட்டது. மறுபடி ஓட்டினாள். சுனிலின் குரலுக்குப் பின்னால் ஒரு புறா குமுறிக்கொண்டிருந்தது. அதே மெஷின் ஷாப்புக்கு முந்தைய வருடம் அவள் போயிருக்கிறாள். பிரஸ் மெஷின்கள் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. போசரிக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை, அன்று செவ்வாய். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தொழிற்சாலை கேட் பூட்டியிருந்தது. வெளியே சாப்பாட்டு டப்பாவும் கையுமாக இருபது முப்பது பேர் நின்றார்கள். பிரஸ் மெஷினில் வேலை செய்யும் ப்ரீதி என்ற பெண்தான் முன்வந்து பேசினாள்.

"போன வாரத்துலேர்ந்து கரண்ட் வேலை நடக்குதுன்னு சொல்றாங்க. நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அனுப்புறாங்க. வேற வேலை தேடவும் முடியல. தேடப் போய் இங்க திறந்துட்டா என் இடம் போயிடும்" என்றாள்.

"இதை ரேடியோவுல போடலாமா? உங்க பேரைச் சொல்லலாமா?"

ப்ரீதி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள்.

மேவிஸ் அங்கிருந்தே சுனிலுக்குப் போன் செய்தாள். கேட் பூட்டியிருப்பதைச் சொன்னாள். பதிலுக்கு வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"சாக்கன்ல ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் தரப்போகுது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மெஷின் நிக்குதுன்னு தெரிஞ்சா வேற இடத்துக்குப் போயிடுவாங்க. அப்புறம் நிஜமாவே மூட வேண்டியதுதான். உங்க செய்தியே எங்களை மூடிடும். கொஞ்சம் பொறுங்க."

அவர் பொய் சொன்னவர்தான். ஆனால் இப்போது சொன்னது பொய்யாகப் படவில்லை. திரும்பி வரும்போது நாசிக் பாட்டா சந்திப்பில் சிக்னல் பச்சையானது கூடத் தெரியாமல் நின்றாள்.

நிலையத் தலைவர் தேஜஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு வாரம் போகட்டுமே. ஆர்டர் வந்தா அதையே நல்ல செய்தியா போடலாம்" என்றார்.

"வரலைன்னா?"

"அப்ப மூடினதைப் போடலாம்."

சாயங்காலம் கிர்க்கி வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தவள் பாதியில் கையைக் கழுவிவிட்டுப் பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்து மறுபடி பிசைந்தாள். அவள் கணவன் டக்ளஸும் ஒரு தொழிற்சாலையில்தான் தரப் பரிசோதகர்.

"நீங்க அந்த கேட்டுல நின்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"மெஷின் ஓடணும்னுதான் வேண்டுவேன். ஆனா ஓடுது ஓடுதுன்னு ரேடியோவுல சொல்லிட்டு, என்னை வெளிய நிக்க வச்சா வயிறு எரியும்லா?" என்றான் டக்ளஸ்.

"ரெண்டையும் சொல்லுதீங்களே."

"ரெண்டும்தான இருக்கு. நான் என்ன செய்ய?"

சுனிலின் முதல் பேட்டியைப் போடாமல் விட்டுவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த கேட்டில் நிற்பவர்களுக்கு நாளைக்கும் 'நாளைக்கு வா' தான்.

தேஜஸ் சொன்னபடி காத்திருக்காமல் காலையில் ஒலிபரப்பினாள். மூடிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. மெஷின்கள் நிற்கின்றன, தொழிலாளர்களுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை என்றாள். ப்ரீதி பேசியதைப் போட்டாள். புது ஆர்டருக்காகக் காத்திருப்பதாக முதலாளி சொல்கிறார் என்பதையும் சேர்த்தாள். சாக்கன் என்ற பெயரை விட்டுவிட்டாள்.

பத்து மணிக்குள் சுனில் கூப்பிட்டார். திட்டவில்லை. "சாக்கன்காரங்க மீட்டிங்கைத் தள்ளி வச்சுட்டாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மதியம் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டைத் திறக்கச் சொல்லிப் பேசியதாக ப்ரீதி சொன்னாள். இரண்டு போனையும் ஒரே மேஜைப் பக்கத்தில் நின்று கேட்டாள் மேவிஸ். அதன்பிறகு அந்த நாளில் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆர்டர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் மெஷின்களோடு பாதிப் பேரை எடுத்துக்கொண்டார். மீதிப் பேருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். ப்ரீதி அந்த மீதியில் இருந்தாள். சுனிலுக்கு மேவிஸ் பலமுறை போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. செய்தி வராமல் இருந்திருந்தால் சாக்கன் கையெழுத்து போட்டிருக்குமா என்று அவளுக்குச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஒருவேளை அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

மழைக்காலத் தொடக்கத்தில் மகர்பட்டாவில் ஒரு ஐ.டி. கம்பெனியைப் பேட்டி எடுக்கப் போனபோது, கேன்டீனில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த ப்ரீதியைப் பார்த்தாள்.

மேவிஸ் சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கு நான் சொல்லாம இருந்திருந்தா கம்பெனி பிழைச்சிருக்குமா ப்ரீதி?"

"தெரியலை தீதி. அதை யோசிச்சா ராத்திரி தூக்கம் போகுது, அதனால யோசிக்கிறதில்லை" என்றாள் ப்ரீதி. "நான் பேசினதைப் போன்ல பதிஞ்சு வச்சு எங்க அம்மா மூணு தடவை கேட்டாங்க." இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டதால் தட்டுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் 'எல்லாம் நன்றாக ஓடுகிறது' என்று யார் போனில் சொன்னாலும் மேவிஸ் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நிகழ்ச்சியில் சேர்க்கிறாள். பெட்ரோல் பில்லைப் பார்த்துத் தேஜஸ் முணுமுணுக்கிறார். நேற்று சாங்வியில் ஒரு பேக்கரிக்காரர் புதுக் கிளை திறப்பதாகச் சொன்னார். சந்தோஷமான செய்திதான். மேவிஸ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அதையும் பார்க்கக் கிளம்பினாள்.